துளை சிறிது, ஆபரேஷன் பெரிது: எடைக் குறைப்பு அறுவைப் பிரிவு தொடங்கவிருக்கும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவமனையில் உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கப் போகிறீர்கள். ஸ்டேப்லர் வாங்கியாகிவிட்டது. நல்ல கேமரா வந்திறங்கிவிட்டது. வயிற்றைத் திறக்காமல் சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் கை தேர்ந்த சர்ஜனும் கிடைத்துவிட்டார். விளம்பர வாசகம்கூட எழுதி முடித்திருப்பீர்கள்: சிறு துளைகள், தழும்பு தெரியாது, இரண்டே நாளில் வீடு. அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்த மூன்றும் வயிற்றின் வெளிச்சுவரைப் பற்றிய செய்திகள். உள்ளே இரைப்பையின் முக்கால் பங்கு வெட்டி எடுக்கப்படுகிறது (ஸ்லீவ்), அல்லது சிறுகுடலின் பாதையே மாற்றித் தைக்கப்படுகிறது (பைபாஸ்). அதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

அறுவை மருத்துவம், மயக்க மருத்துவம், உணவியல், செவிலியம் என இந்தச் சிகிச்சையின் வெவ்வேறு முனைகளில் வேலை செய்பவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். தியேட்டருக்குக் காட்டும் அக்கறையை, நோயாளி டிஸ்சார்ஜ் ஆன மறுநாளிலிருந்து அவருடைய ஆயுள் முழுக்க நீளும் காலத்துக்கும் காட்டுங்கள். அதற்கு ஆளும் ஏற்பாடும் இல்லையென்றால் பிரிவைத் தள்ளிப்போடுங்கள்.

இந்தச் சிகிச்சைமேல் எங்களுக்கு ஐயம் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். கடும் பருமனுக்கு இதைவிட நீடித்த பலன் தரும் வேறு சிகிச்சை இதுவரை நிரூபிக்கப்படவில்லை. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களையும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களையும் சராசரியாக 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2007-ல் முடிவை வெளியிட்டது: வயது, பாலினம், பிற நோய்களைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது அறுவைக் குழுவில் இறப்பு சுமார் 29 சதவீதம் குறைவு. அவர்களில் பெரும்பாலோருக்குச் செய்யப்பட்டவை இன்று கைவிடப்பட்டுவிட்ட பழைய முறைகள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிளீவ்லேண்ட் கிளினிக் நடத்திய ஸ்டாம்பீட் ஆய்வில் சர்க்கரை நோயுள்ள 150 பேர். ஐந்து ஆண்டுகள் கழித்து, சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு 6 அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம், ஸ்லீவ் செய்தவர்களில் 23, பைபாஸ் செய்தவர்களில் 29. இரைப்பையைச் சுருக்கிவிட்டால் குறைவாகச் சாப்பிடுவார்கள் என்பது மட்டும் இதற்குக் காரணமல்ல. பசியைத் தூண்டும் கிரெலின் பெருமளவு சுரக்கும் மேற்பகுதி ஸ்லீவில் வெட்டி எடுக்கப்படுகிறது. சாப்பாடு சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்கு வேகமாகப் போய்ச் சேர்வதால் ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய். ஆகிய குடல் ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. எடை கணிசமாகக் குறையும் முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்குவது இதனால்தான்.

லேப்ராஸ்கோப்பி வந்தது பெரிய வரம் என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை. வயிற்றைத் திறந்து செய்த நாட்களில் காயம் சீழ் பிடிப்பதும், தையல் விட்டுக் குடலிறக்கம் வருவதும் கடும் பருமன் உள்ளவர்களுக்கு அடிக்கடி நேர்ந்தன. வலியால் மூச்சை இழுத்துவிட முடியாமல் நிமோனியா வரும். 1994-ல் விட்குரோவும் கிளார்க்கும் லேப்ராஸ்கோப்பி வழி பைபாஸ் செய்யலாம் என்று காட்டிய பிறகு இவை வெகுவாகக் குறைந்தன. இன்று நல்ல மையங்களில் முதல் 30 நாள் இறப்பு ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று பேர். இந்த எண் யாருக்கும் தானாக வந்துவிடாது. எப்படி வருகிறது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

முதலில், யாருக்குச் செய்வது. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 1.65 மீட்டர் உயரமும் 120 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 44. 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே நோய்களும் இருந்தால் என்ற 1991-ஆம் ஆண்டு அமெரிக்க வரையறையை 2022-ல் மாற்றினார்கள். இப்போது 35-க்கு மேல் என்றாலே பரிந்துரைக்கலாம். 30-க்கு மேல் சர்க்கரை போன்ற வளர்சிதை நோய் இருந்தால் பரிசீலிக்கலாம். ஆசிய இனத்தவருக்கு 27.5-லேயே பேச்சைத் தொடங்கலாம். வரம்பு தாழ்ந்ததும் வாசலில் கூட்டம் கூடும். அங்கேதான் நிதானம் வேண்டும். வந்தவர் எல்லோரையும் அடுத்த வாரமே மேசையில் ஏற்றுகிற பிரிவு, ஒரு வருடத்துக்குள் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொள்ளும்.

அறுவைக்கு முந்தைய வாரங்களில் பார்க்க வேண்டியவை கொஞ்சநஞ்சமல்ல. எண்டோஸ்கோப்பி வழியாக உணவுக்குழாய் அழற்சி, ஹையாடஸ் குடலிறக்கம், ஹெலிகோபாக்டர் கிருமி ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரும்பு, பி12, வைட்டமின் டி அளவுகளை முன்பே அளக்க வேண்டும், ஏனென்றால் பருமனானவர் உடலில் சத்துக் குறையாது என்பது நம் கற்பனை. அறுவைக்கு முன்பே பலருக்கு டி-யும் இரும்பும் பற்றாக்குறையில்தான் இருக்கும். குறட்டை விட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவரா என்பதை ஸ்டாப்-பேங் கேள்விகளால் சலித்து, தேவைப்பட்டால், காற்றழுத்தத்தால் மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிபாப் கருவியை முன்கூட்டியே பழக்க வேண்டும். புகையை ஆறு வாரமாவது விட்டிருக்க வேண்டும். மதுப்பழக்கம், கட்டுப்பாடின்றி வாரி உண்ணும் கோளாறு, சிகிச்சை பெறாத மன அழுத்தம் இருந்தால் மனநல மருத்துவர் பார்க்காமல் தேதி கொடுக்கக் கூடாது.

கடைசி இரண்டு வாரம் 800 முதல் 1000 கலோரி வரையிலான, புரதம் மிகுந்த உணவுக்கட்டுப்பாடு. எடையைக் குறைப்பது இதன் முதல் நோக்கமல்ல. கொழுப்பேறிய கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல்மூலையை ஒரு கனத்த போர்வைபோல மூடிக்கொண்டிருக்கும். அதைத் தூக்கிப் பிடித்தால் கிழிந்து ரத்தம் கசியும். இரண்டு வார உணவுக்கட்டுப்பாட்டில் அது இளகிச் சுருங்கிவிடுகிறது. ஆனால் இங்கேயே ஒரு குழி இருக்கிறது. இன்சுலினோ சல்ஃபோனில்யூரியா மாத்திரையோ எடுப்பவருக்கு, சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னவர் மருந்தைக் குறைக்கச் சொல்லாவிட்டால், அறுவைக்கு வரும் முன்பே வீட்டில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளை அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலே ரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோ அமிலத்தேக்கம் வரக்கூடும். குளுக்கோமீட்டர் 180 காட்டும்போது யாருக்கும் அந்தச் சந்தேகமே எழாது. உணவுத்தாள் கொடுப்பவரும் மருந்துச்சீட்டு எழுதுபவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று நாங்கள் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

சாமான்கள் பற்றிச் சுருக்கமாக. ஆபரேஷன் மேசை எவ்வளவு கிலோ தாங்கும் என்று கேட்டால் மட்டும் போதாது, தலைப்பக்கம் உயர்த்திச் சாய்த்த நிலையில் எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள். கால் பலகை கட்டாயம். சி.டி. ஸ்கேன் மேசையின் எடை வரம்பையும் வளையத்தின் விட்டத்தையும் இன்றே எழுதிவைத்துக்கொள்ளுங்கள், நள்ளிரவில் தேடக் கூடாது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையில் அகலமான அளவு வார்டுக்கு ஒன்றாவது வேண்டும். குறுகிய பட்டை பருத்த கையில் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். காத்திருப்புக் கூடத்தில் கைப்பிடியில்லாத அகல நாற்காலிகள் போடுங்கள். கைப்பிடிக்குள் இடுப்பு நுழையாமல் சுவரோரம் நின்றுகொண்டே காத்திருப்பவர், அடுத்த பரிசோதனைக்கு வராமல் போனால் அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

மயக்க மருத்துவத்தில் முக்கியம் படுக்கவைக்கும் விதம். மல்லாக்கப் படுத்ததும் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளிவிடும். நுரையீரலில் மிச்சமிருக்கும் காற்று மிகக் குறைவு. மூச்சு நின்றதும் ஆக்சிஜன் அளவு மளமளவென்று சரியும். ஆகவே தோளுக்கும் தலைக்கும் அடியில் சரிவாக அடுக்கி, காதுத்துளையும் மார்பெலும்பின் மேல்குழியும் ஒரே மட்டத்தில் வரும்படி ஏற்றி வைத்து, அந்த நிலையிலேயே ஆக்சிஜன் நிரப்பித்தான் குழாய் போட வேண்டும். சர்க்கரைக்கும் எடைக் குறைப்புக்கும் தரும் செமக்ளூடைட் போன்ற ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாரா என்று கேட்காமல் தொடங்கவே கூடாது. அவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. பட்டினி இருந்தவர் வயிற்றிலும் சாப்பாடு கிடக்கக்கூடும்.

இனி ஸ்லீவ். உலகில் இன்று அதிகம் செய்யப்படுவது இதுதான், எளிது என்று அதிகம் தவறாக நினைக்கப்படுவதும் இதுதான்.

வழக்கமாக ஐந்து துளைகள், 5 முதல் 12 அல்லது 15 மி.மீ. வரை. கார்பன் டை ஆக்சைடால் 15 மி.மீ. பாதரச அழுத்தம் வரை வயிற்றை உப்பவைத்து, இரைப்பையின் பெருவளைவோரம் ஒட்டியிருக்கும் கொழுப்புத்திரையையும் ரத்தக்குழாய்களையும், இரைப்பை குடலுக்குத் திறக்கும் பைலோரஸ் வாசலிலிருந்து 2 முதல் 6 செ.மீ. தள்ளித் தொடங்கி, மண்ணீரல் பக்கமாக மேலே இடது உதரவிதானத் தூண் தெரியும் வரை பிரித்துக்கொண்டு போக வேண்டும். மேல்மூலையின் பின்பக்கத்தைப் பாதியில் விட்டால் அங்கே ஒரு பை மிஞ்சும். பின்னாளில் அது விரிந்து எடையையும் நெஞ்செரிச்சலையும் கொண்டுவரும். பிறகு வாய்வழியாக 36 முதல் 40 பிரெஞ்சு அளவுள்ள பூஜி குழாயை, அதாவது 12-13 மி.மீ. தடிமனுள்ளதை, இரைப்பைக்குள் செலுத்தி, அதை ஒட்டி ஸ்டேப்லரால் வெட்டிக்கொண்டே ஏறுகிறோம். ஸ்டேப்லரில் மாட்டும் 60 மி.மீ. முள் கார்ட்ரிட்ஜ் ஐந்தாறு செலவாகும்.

ஸ்டேப்லர் என்றால் காகிதம் குத்தும் கருவிபோலத்தான். இருபுறமும் மூன்று மூன்று வரிசையாக டைட்டேனிய முட்கள் இறங்கும், நடுவே கத்தி ஓடும். இரைப்பைச் சுவர் கீழே தடிமன், மேலே மெலிசு. கீழே மெல்லிய கார்ட்ரிட்ஜைப் போட்டால் முள் மடங்காமல் நிற்கும். மேலே தடித்ததைப் போட்டால் பிடிப்பு தளர்ந்து ரத்தம் கசியும். தாடையை மூடியதும் உடனே அழுத்திவிடக் கூடாது. 15 விநாடியாவது பொறுத்தால் திசுவிலுள்ள நீர் பிதுங்கி வெளியேறி, சுவர் ஒரே சீராகத் தட்டையாகும். அவசரக்காரர்கள் இந்த 15 விநாடியைத்தான் மிச்சம் பிடிப்பார்கள். சிறுவளைவு மடியும் முனையில் பூஜியை மிக நெருக்கி வெட்டினால் அங்கே குறுகிப்போகும். முன்சுவரையும் பின்சுவரையும் சமமாக இழுத்துப் பிடிக்காவிட்டால் குழாய் திருகிக்கொள்ளும். உச்சியில் உணவுக்குழாயை விட்டு ஒரு செ.மீ. விலகி முடிக்க வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தவென்று செய்யப்பட்ட சாதனத்தை மறுபடி பயன்படுத்திச் செலவைக் குறைக்கும் எண்ணம் உங்கள் கணக்குப் பிரிவுக்கு வந்தால், மேலே சொன்ன முட்களை நினைவூட்டுங்கள்.

கசிவு வருவது நூற்றுக்கு ஒருவருக்கோ இருவருக்கோதான். வந்தால் பெரும்பாலும் அந்த உச்சியில், உணவுக்குழாய் சேரும் மூலைக்கருகே. அங்கே சுவர் மெலிசு. மண்ணீரலிலிருந்து வந்த சிறு ரத்தக்குழாய்களை நாமே வெட்டியிருக்கிறோம். கீழே பைலோரஸ் வாசல் மூடி மூடித் திறப்பதால் குழாய்க்குள் அழுத்தம் அதிகம். நடுவில் குறுகலும் இருந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். தியேட்டரில் நீலச்சாயம் செலுத்திப் பார்த்தோம், கசியவில்லை என்று குறிப்பெழுதிவிட்டு நிம்மதியடைய முடியாது. கசிவுகளில் பல, முதல் சில நாட்கள் கழித்து, ரத்த ஓட்டமில்லாத ஓரம் அழுகிய பிறகே திறக்கின்றன. உங்கள் விளம்பரப்படி நோயாளி அப்போது வீட்டில் இருப்பார்.

அந்த இரவை நினைத்துப் பாருங்கள். ஆறாம் நாள், இரவு இரண்டு மணி. வயிறு வலிக்கிறது, இடது தோள் குத்துகிறது, படபடப்பாக இருக்கிறது என்று போன் வருகிறது. எடுப்பவர் இந்தப் பிரிவைப் பற்றி ஒன்றும் அறியாத இளநிலை மருத்துவர். வந்தவரின் வயிற்றை அமுக்கிப் பார்க்கிறார், மிருதுவாக இருக்கிறது. வாயு, அமிலம் என்று ஓர் ஊசி போட்டு அனுப்புகிறார். மெலிந்த உடலில் பலகைபோல இறுகும் வயிறு, கொழுப்பு நிறைந்த உடலில் இறுகாமலே இருக்கும். நம்பத்தக்க ஒரே காவலாளி நாடிதான். நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி நாடி நிற்காமல் ஓடினால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது கசிவு, ரத்தக்கசிவு, அல்லது நுரையீரலில் அடைத்த ரத்தக்கட்டி. உடனே ஸ்கேனில் துலங்கும் மருந்தை வாய்வழி கொடுத்து சி.டி. எடுக்க வேண்டும். சி.டி. தெளிவாகச் சொல்லாமல் நாடியும் இறங்காவிட்டால், அதே துளைகள் வழியே மறுபடி பார்க்க வேண்டும். பார்த்து ஒன்றும் இல்லையென்றால் யாருக்கும் நட்டமில்லை. கசிவைப் பன்னிரண்டு மணி நேரத்தில் பிடித்தால் வடிகுழாய், ஆன்டிபயாடிக், எண்டோஸ்கோப்பி வழி ஸ்டென்ட், குடல்வழி ஊட்டம் என்று கரையேற்றலாம். அப்படியும் வாரக்கணக்கில் ஆகும். மூன்று நாள் தாமதித்தால் கணக்கே வேறு.

ரத்தக்கட்டிக்கு எதிராக அன்று மாலையே எழுப்பி நடக்கவைப்பதும், கால்களுக்கு அழுத்தப்பட்டையும், எடைக்கேற்ற அளவில் எனாக்சாபரின் ஊசியும் வேண்டும். எல்லோருக்கும் ஒரே 40 மி.கி. என்று அச்சடித்த சீட்டு வைத்துக்கொள்ளாதீர்கள். பி.எம்.ஐ. 40-க்கு மேல் உள்ளவர்களுக்கு நாளைக்கு இருமுறை கொடுக்கும் வழக்கம் பல மையங்களில் இருக்கிறது. முன்பு ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு வீட்டுக்குப் போன பிறகும் சில வாரம் தொடர வேண்டும். தண்ணீர் சரியாகக் குடிக்காதவருக்கு இரண்டாம் வாரத்தில் கல்லீரலுக்குப் போகும் ரத்தநாளத்திலும் அடைப்பு வரலாம். நாளைக்கு ஒன்றரை லிட்டரை மிடறு மிடறாகக் குடித்து முடித்தாரா என்று தினமும் போனில் கேட்க ஒரு செவிலியர் போதும்.

பைபாஸில் இரைப்பையின் உச்சியில் 15 முதல் 30 மி.லி. கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலை வெட்டிக் கீழ்த்துண்டை அதனுடன் இணைக்கிறோம். உணவு வரும் கிளை 100 முதல் 150 செ.மீ., பித்தமும் கணைய நீரும் வரும் கிளை 50 முதல் 100 செ.மீ. என்பது வழக்கமான அளவு. இரண்டும் சேரும் இடத்தில், குடலைத் தாங்கும் சவ்வான குடல்தாங்கியில் ஓர் இடைவெளி, உணவுக்கிளைக்குப் பின்னால் பீட்டர்சன் இடைவெளி, ஆக இரண்டையும் கரையாத நூலால் மூட வேண்டும். மூடினாலும் எடை குறையும்போது அந்தத் தாங்கியிலுள்ள கொழுப்பு உருகி வாய் மறுபடி திறக்கக்கூடும். ஒரு வருடமோ ஐந்து வருடமோ கழித்து, சாப்பிட்டதும் வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி, சிலசமயம் வாந்தியே இல்லாமல், வந்து வந்து போகும். குடல் அந்த ஓட்டைக்குள் நுழைந்து முறுக்கிக்கொண்டிருக்கும். சி.டி.-யில் சுழல்போலத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். அடைபட்ட குடல் சில மணி நேரத்தில் கருகிவிடும். நோயாளி அன்று எந்த ஊரில் இருப்பாரோ, யாரிடம் போவாரோ! தனக்குச் செய்யப்பட்டது என்ன என்று படம் வரைந்த அட்டை அவர் பையில் இருந்தால்தான் அந்த ஊர் மருத்துவர் மூக்கு வழியாகக் குழாயை முரட்டுத்தனமாகச் செலுத்தாமல் இருப்பார், வலிக்கு டைக்ளோஃபெனாக் எழுதாமலும் இருப்பார். அந்த வகை வலிமாத்திரையும் புகையும் சேர்ந்தால் இணைப்பு விளிம்பில் புண் வந்து துளையே விழும்.

குடலை ஒரே இடத்தில் மட்டும் இணைக்கும் ஒற்றை இணைப்பு பைபாஸ் நேரத்தைச் சேமிக்கும், எடையையும் நன்றாகக் குறைக்கும். பித்தம் மேலே எதுக்களிக்கும் வாய்ப்பும், கிளையை நீளமாக்கினால் புரதக் குறைவும் அதனுடைய விலை.

இப்போது எங்களை மிகவும் கோபப்படுத்தும் விஷயம். அறுவை செய்தவர் வாரக்கணக்கில் வாந்தியெடுத்து வருகிறார், நீர் வறண்டிருக்கிறது, எங்கும் கைக்கெட்டுவது டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்தான். ஏற்றுகிறார்கள். உடலில் தயமின் எனும் பி1 இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. அந்தச் சர்க்கரையை எரிக்க, மிஞ்சியிருந்த கொஞ்சத்தையும் உடல் செலவழித்துவிடும். பிறகு கண் இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடக்கூடும். தடுப்பதற்கு வேண்டியது, டிரிப்புக்கு முன்னால் 100 மி.கி. தயமின் ஊசி. நரம்பு அறிகுறி ஏற்கெனவே தெரிந்தால் அதைவிடப் பல மடங்கு, நாளுக்குப் பலமுறை. உலகிலேயே மலிவான மருந்துகளில் ஒன்று அது. உங்கள் அவசரப்பிரிவின் சுவரில் இந்த ஒரு விதியை மட்டும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். வாந்தி ஏன் வருகிறது என்பதையும் பாருங்கள். வேகமாக விழுங்குவதா, குறுகலா, திருகலா என்று.

மற்றச் சத்துக் குறைவுகள் மெதுவாகக் கொல்பவை. நாளைக்குப் புரதம் 60 முதல் 80 கிராம். கால்சியம் சிட்ரேட்டாக 1200 முதல் 1500 மி.கி., ஒரே வேளையில் விழுங்கினால் பயனில்லை, 500, 600 என்று பிரித்து. வைட்டமின் டி 3000 யூனிட்டில் தொடங்கி ரத்த அளவுக்கேற்ப. இரும்பு, மாதவிடாய் வரும் பெண்களுக்கு 45 முதல் 60 மி.கி., கால்சியத்திலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி. பி12 நாளுக்கு 350 முதல் 1000 மைக்ரோகிராம் மாத்திரையாக, அல்லது மாதம் ஒரு 1000 மைக்ரோகிராம் ஊசி. பி12 கல்லீரலில் வருடக்கணக்கில் சேமித்திருப்பதால் மூன்றாம் ஆண்டில்தான் கால் மரத்துப்போகத் தொடங்கும், அதற்குள் மாத்திரையை நிறுத்தி இரண்டு வருடமாகியிருக்கும். எடை வேகமாக இறங்கும் முதல் ஆறு மாதத்தில் பித்தப்பைக் கல் வராமலிருக்க உர்சோடியாக்சிகோலிக் அமிலம் நாளைக்கு 500 அல்லது 600 மி.கி. கொடுப்பது பலன் தரும்.

பழைய மருந்துகளைத் தொடும் பொறுப்பு யாருடையது என்பதையும் முடிவு செய்யுங்கள். இன்சுலின் முதல் வாரத்திலேயே பாதிக்கும் கீழே வந்துவிடலாம். நீர்பிரிக்கும் மாத்திரையை அப்படியே தொடர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். மெல்லக் கரையும் வகை மாத்திரைகள் பைபாஸ் குடலில் கரையும் முன்பே கடந்துபோய்விடும். வாய்வழிக் கருத்தடை மாத்திரையை பைபாஸுக்குப் பிறகு நம்பக் கூடாது. அதேசமயம் எடை குறையக் குறையக் கருவுறும் வாய்ப்பு கூடும். 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, எந்த முறையால் என்று சொல்லாமல் அனுப்புகிற பிரிவுகளே அதிகம். மதுவும் அப்படித்தான். முன்பைவிட வேகமாகவும் அதிகமாகவும் ஏறும், அடிமையாகும் ஆபத்தும் கூடும்.

எந்த ஆபரேஷன் யாருக்கு என்பதை சர்ஜனின் பழக்கத்துக்கு விடாதீர்கள். பின்லாந்தில் 240 பேரிடம் நடந்த ஸ்லீவ்பாஸ் ஆய்வின் பத்தாண்டு முடிவில் உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் குழுவில் 31 சதவீதம், பைபாஸ் குழுவில் 7. ஏற்கெனவே கடும் எதுக்களிப்பு உள்ளவருக்கு ஸ்லீவ் செய்வது, இருக்கும் தீயில் எண்ணெய் ஊற்றுவது. ஸ்லீவ் செய்த எல்லோருக்கும், நெஞ்செரிச்சல் இல்லையென்றாலும், ஒரு வருடத்தில் எண்டோஸ்கோப்பி, பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை.

பலனைச் சொல்லும் விதத்திலும் நேர்மை வேண்டும். அதே 120 கிலோக்காரர் 30 கிலோ குறைந்தார் என்று வைத்துக்கொள்வோம். மொத்த எடையில் அது 25 சதவீதம். பி.எம்.ஐ. 25-க்கு உரிய எடை 68 கிலோ, ஆக மிகையெடை 52 கிலோ, அதில் 30 என்றால் 58 சதவீதம். உங்கள் விளம்பரத்தில் எந்த எண் ஏறும் என்று எங்களுக்குத் தெரியும். எடை மிகத் தாழும் காலம் ஒன்றிலிருந்து ஒன்றரை ஆண்டு, அதற்குப் பிறகு ஓரளவு ஏறுவது உடலின் இயல்பு. முதலாம் ஆண்டுப் புகைப்படத்தைக் காட்டாமல் ஐந்தாம் ஆண்டில் எத்தனை பேர் இன்னும் பரிசோதனைக்கு வருகிறார்கள் என்று காட்டுங்கள். எடை திரும்பினால் திட்டாமல், செமக்ளூடைட், டிர்செபடைட் போன்ற மருந்துகளைச் சேர்க்கலாமா என்று பாருங்கள். அவற்றையும் நிறுத்தினால் எடை திரும்பும் என்பதைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதம், பிறகு ஆண்டுதோறும். இந்தத் தேதிகளை நோயாளி நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார், வைத்துக்கொள்ளவும் தேவையில்லை. வராதவரைக் கூப்பிடுவதையே வேலையாகக் கொண்ட ஒருவரை நியமியுங்கள். சம்பளப் பட்டியலில் சர்ஜனுக்கு அடுத்து அவர் பெயர் இருக்கட்டும்.

டிஸ்சார்ஜின்போது கொடுக்க ஓர் அட்டையின் வாசகத்தை இங்கே தருகிறோம். மாற்றாமல் அச்சடித்துக்கொள்ளலாம், எங்கள் பெயர் வேண்டாம்.

'எனக்கு எடைக் குறைப்பு அறுவை செய்யப்பட்டுள்ளது. தேதி, வகை, கிளைகளின் நீளம் பின்பக்கம் படத்துடன் உள்ளன. நாடி 120-க்கு மேல் இருந்தால், வயிறு மிருதுவாக இருந்தாலும், என்னை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். வாந்தியுடன் வந்திருந்தால் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் கொடுக்கவும். மூக்குவழிக் குழாயைப் பார்க்காமல் செலுத்த வேண்டாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். விட்டுவிட்டு வரும் கடும் வயிற்றுவலிக்கு, ஸ்கேன் சரியாக இருந்தாலும், சர்ஜனைக் கூப்பிடவும். இந்த எண்ணில் எந்த நேரமும் ஒருவர் பேசுவார்.'

அந்தக் கடைசி வரியை அச்சடிக்கும் முன், இரவு இரண்டு மணிக்கு அந்த எண்ணை நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
எடைக் குறைப்பு அறுவைப் பிரிவுகளில் பணிபுரியும் அறுவை மருத்துவர்கள், மயக்க மருத்துவர்கள், உணவியலாளர்கள், செவிலியர்கள்